நீர்மேல் எழுதப்படும் ஊர்ப்பெயர்கள்

திருகோணமலை மாவட்டத்துக்கு வரைபடம் செய்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். ஊர்ப்பெயர் எங்கே நிற்கவேண்டும் என்ற முடிவை மென்பொருளின் போக்குக்கு விட்டுவிடாதீர்கள். நம்முடைய கரையோரத்துக்கு அது ஒத்துவராது.

ஒரு பிரிவின் எல்லையைப் பல்கோணமாகக் கொடுத்தால், பெயரை வைக்கப் பெரும்பாலும் எடுக்கப்படுவது அதன் சென்ட்ராய்ட். அந்த வடிவத்தை மட்டையில் வெட்டியெடுத்தால் எந்தப் புள்ளியில் சமநிலையாக நிற்குமோ, அந்தப் புள்ளி. கட்டுமட்டான வடிவங்களுக்கு இது சரியாகவே வரும். ஆனால் உவர்மலையில் தொடங்கி உள்துறைமுகத்தைச் சுற்றிச் சீனன்குடா வரை, கரையை ஒட்டி ஒரு பட்டை வரைந்து பாருங்கள். சமநிலைப் புள்ளி துறைமுகத் தண்ணீரில் போய் நிற்கும். கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமக் குடாவையும் களப்புகளையும் சுற்றி வளைந்து கிடக்கும் மாவட்டம் இது. இந்தச் சிக்கல் இங்கே எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் வருவதல்ல.

கிண்ணியாப் பக்கம் ஒரு அனர்த்த முன்னாயத்தக் கூட்டத்தில், சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தை வயதான மீனவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். களப்பை வளைத்துக் கிடக்கும் அவருடைய கிராம சேவகர் பிரிவின் பெயர் நீல நிறத்தின் மேல் அச்சாகியிருந்தது. "தம்பி, எங்கட ஊர் ஏன் தண்ணிக்குள்ள கிடக்கு?" என்று கேட்டார். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட மனிதர். கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் அழித்த நாள் அது. "மென்பொருள் அப்படித்தான் வைக்கும் காக்கா" என்று அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லைக்கோடு சரி, எழுத்தும் சரி, பெயர் நின்ற இடம் மட்டும் பிழை. ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் போவது என்று சனங்களுக்குக் காட்டவேண்டிய தாளில் அதைச் சின்னப் பிழை என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, புள்ளி நிலத்துக்குள் விழுந்தால் போதும்தானே என்பார்கள். வரைபடத் தரவுகளைச் சேமித்துக் கணக்கிடும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற மென்பொருளில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு, எஸ்டி பொயின்ட் ஒன் சர்ஃபேஸ். புள்ளி உள்ளேதான் இருக்கும் என்பது உறுதி. நல்ல இடமா என்பதற்கு உறுதி இல்லை. வடிவத்தின் நடு உயரத்தை ஒட்டி ஒரு கிடைக்கோடு போட்டு, அது நிலத்தின் மேல் போகும் துண்டுகளில் நீளமானதன் நடுவை அது எடுக்கிறது. அந்த இடத்துக்கு மேலும் கீழும் நிலம் ஒடுங்கியிருந்தால் எழுத்து எல்லையைத் தாண்டிவிடும்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. எல்லைக்கோடு முழுவதிலிருந்தும் அதிகம் தள்ளி உள்ளே இருக்கும் இடம் எது? அதாவது, உள்ளே அடங்கக்கூடிய மிகப்பெரிய வட்டத்தின் நடு எது? எந்தத் தரைக்கும் ஏறக்குறைய 2,688 கிலோமீற்றர் தொலைவில் தென் பசிபிக்கில் இருக்கும் பொயின்ட் நீமோவும் இதே மாதிரிக் கேள்விக்குக் கிடைத்த விடைதான்.

2016இல் மப்பொக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தில் இருந்த விளாடிமிர் அகஃபொன்கின் (இணைய வரைபடங்களுக்கான லீஃப்லெட் நிரலை எழுதியவரும் இவர்தான்) இதற்காகப் பொலிலேபிள் என்ற சிறிய நிரலை வெளியிட்டார். வடிவத்தின் மேல் சதுரக் கட்டங்களைப் பரப்பி, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று அது பார்க்கிறது. நடு வெளியே கிடந்தால் தூரத்துக்குக் கழித்தல் குறி. பிறகு அதோடு கட்டத்தின் நடுவிலிருந்து மூலைக்குள்ள தூரத்தைக் கூட்டுகிறது. அந்தக் கட்டத்துக்குள் எங்கே தேடினாலும் இந்தக் கூட்டுத்தொகையைவிடப் பெரிய தூரம் கிடைக்காது. 1,000 மீற்றர் பக்கமுள்ள கட்டம், நடுவிலிருந்து எல்லைக்கு 200 மீற்றர் என்று வையுங்கள். மூலைக்கு 707 மீற்றர், ஆகவே உச்சம் 907. வேறோர் இடத்தில் ஏற்கெனவே 950 கிடைத்திருந்தால் இந்தக் கட்டத்தை அப்படியே தள்ளிவிடலாம். தள்ளமுடியாததை நான்காகப் பிரித்து, அதிகம் நம்பிக்கை தரும் துண்டை முதலில் எடுத்து, நாம் கேட்ட நுணுக்கம் வரும்வரை போகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் தள்ளுகிற நியாயம். பார்க்காமல் விட்ட இடத்தில் இதைவிட நல்ல இடம் ஒளிந்திருக்கவில்லை என்று கணக்கே உத்தரவாதம் தருகிறது.

குளங்களையும் மறக்கக்கூடாது. பிரிவின் வெளி எல்லையை மட்டும் கொடுத்தால், கணக்கு கந்தளாய்க் குளத்தையும் தரை என்றே எடுத்துக்கொள்ளும். குளத்தை ஓட்டையாக வெட்டிக் கொடுங்கள். அதன் கரையும் எல்லையாகிவிடும், பெயர் தானாகவே நிலத்துக்கு நகரும்.

இதற்குக் காசு செலவில்லை. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இந்தக் கணக்கு உள்ளேயே இருக்கிறது. போஸ்ட்ஜிஐஎஸ் 3.1இலிருந்து மிகப்பெரிய உள்வட்டத்தைத் தரும் கட்டளையும் உண்டு. மீற்றருக்கு மாற்றாமல் பாகைகளிலேயே கணக்குப் போடலாமா என்றால், போடலாம். நாங்கள் இருப்பது வடக்கு 8.5 பாகையை ஒட்டி. இங்கே அகலக்கோட்டுப் பாகைக்கும் நெடுங்கோட்டுப் பாகைக்கும் நீளத்தில் ஒரு வீத வித்தியாசம்கூட வராது.

ஆனால் வட்டத்தோடு நின்றால் தமிழுக்குப் போதாது. 'மூதூர்' வட்டத்துக்குள் அடங்கிவிடும். 'வெருகல் ஈச்சிலம்பற்று', 'பட்டினமும் சூழலும்' எல்லாம் படுத்துக் கிடக்கும் பெயர்கள், அவற்றுக்கு வேண்டியது நீள்வட்டம். வழி சுலபம். பெயரின் அகலம் உயரத்தைப்போல ஐந்து மடங்கு என்றால், வடிவத்தைக் கிழக்கு மேற்காக ஐந்தில் ஒன்றாகச் சுருக்குங்கள். பொலிலேபிளை ஓட்டுங்கள். கிடைத்த புள்ளியை அதே திசையில் ஐந்தால் பெருக்கி விரித்துவிடுங்கள். சுருங்கிய வடிவத்தில் வட்டமாக இருந்தது விரிந்ததும் பெயருக்கு அளவான நீள்வட்டமாகும். பெயரை இரண்டு வரியாக உடைத்தால் அதற்கேற்ற விகிதத்தைப் போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்து, எதில் எழுத்தைப் பெரிதாக வைக்கமுடிகிறதோ அதை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அதன் அளவில் தனியாகச் செய்யவேண்டும். அந்த உழைப்பு நம் ஊர்ப்பெயர்களுக்குத் தகும்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பட்டைகளில் இதுவும் கைகொடுக்காது. எங்கே வைத்தாலும் வட்டம் சிறியது, பட்டை நெடுக ஏறக்குறைய ஒரே அளவு. எல்லையில் ஒரு சின்ன நெளிவு வந்தாலே புள்ளி ஓர் அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்குத் தாவிவிடும். அங்கே பட்டை போகும் திசைக்கு எழுத்தைச் சாய்த்துக் கையால்தான் வைக்கவேண்டும். எந்தப் பிரிவுக்குக் கைவேலை தேவை என்பதைக்கூட இந்தக் கணக்கிலிருந்தே அறியலாம். புள்ளியோடு சேர்ந்து வட்டத்தின் ஆரமும் கிடைக்கிறது. அச்சிடும் அளவில் அது எழுத்தின் பாதி உயரத்துக்கும் குறைந்தால், அந்தப் பிரிவைத் தனிப் பட்டியலில் போட்டுவிட்டு மற்றவற்றை ஓட்டுங்கள்.