சும்மா ஒருக்கா பார்த்துத் தாங்கோ

வெள்ளிக்கிழமை பின்னேரம், கோட்டையில் வெள்ளவத்தை ரயிலைப் பிடிக்கலாம் என்று பையைத் தூக்கும்போதுதான் கோப்பு வரும். "மிஸ், திங்கள் பயிற்சி தொடங்குது. சும்மா ஒருக்கா பார்த்துத் தாங்கோ." சட்டம் சரியா என்று நான் பார்க்கவேண்டியது பொலிசாருக்கும் சிறைக்காவலர்களுக்குமான கைநூல், 80 பக்கம். சும்மாவாம்!

சிங்களப் பிரதி பரவாயில்லை. தமிழ்ப் பிரதியில் எழுத்துரு உடைந்து கட்டம் கட்டமாகக் கிடக்கும். அதைச் சரிசெய்து வாசித்தால், 'சந்தேகநபர்' வரவேண்டிய இடமெல்லாம் 'குற்றவாளி'. குற்றம் நிரூபிக்கப்படும் வரை சுற்றவாளி, அதாவது குற்றமற்றவர், என்று சொல்லும் அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை மூன்றாம் பக்கத்தில். நாலாம் பக்கத்தில், 'குற்றவாளியை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்துக'. தீர்ப்பையும் நீங்களே எழுதிவிட்டால் நீதவானுக்கு என்ன வேலை?

சித்திரவதைக்கு எதிரான 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்துக்கு அரைப் பக்கம். குறைந்தது 7 வருடச் சிறை என்பது அடிக்குறிப்பில். அணிவகுப்புக்கோ ஆறு பக்கம், படத்தோடு.

சரி என்று சனி, ஞாயிறு இருந்து சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். அடுத்த பயிற்சிக்கும் அதே கைநூல், அதே 'குற்றவாளி'. அட்டையில் மட்டும் புதிதாக ஒரு வரி: 'சட்ட ஆலோசனை பெறப்பட்டது.'