கதை எழுதுவதும் ஆய்வுதான்

"கதை எழுத எதற்கு ஆய்வு உதவித்தொகை?" என்று, இளங்கலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வுத் திட்டங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் கேட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. இளங்கலை இரண்டாம் ஆண்டுக் கோடையில் எட்டு வாரம், உதவித்தொகையோடு ஆய்வும் செய்து கதையும் எழுதும் இப்படியொரு திட்டத்தில் இருந்தேன். ஒரே சிறுகதையின் பத்திரிகை வடிவத்தையும் நூல் வடிவத்தையும் வரி வரியாக ஒப்பிட்டேன். நூலில் கடைசிப் பத்தியே இல்லை! அதை ஏன் வெட்டினார்கள் என்று யோசித்தபோதுதான் என் கதையை எங்கே முடிப்பது என்பது பிடிபட்டது. வழிகாட்டி பென்சிலால் ஓரத்தில் போட்ட கேள்விக்குறிகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

சரி, பணம் எதற்கு? விடுமுறையில் வேலைக்குப் போயே ஆகவேண்டிய பிள்ளைகளும் சேரத்தான். அப்புறம், விண்ணப்பத்தில் 'நாவல் எழுதப் போகிறேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன கேள்வி, எந்தெந்த நூல்கள், எட்டு வாரத்தில் எத்தனை பக்கம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.