ஞாயிற்றுக்கிழமை அட்டவணை யாருக்காக?

சென்னையில் சனி ஞாயிறு ஏதாவது விழா, கிரிக்கெட், கண்காட்சி என்றால் இரண்டு நாள் முன்பே ஓர் அறிவிப்பு வந்துவிடும். "பொதுமக்கள் சொந்த வாகனங்களைத் தவிர்த்துப் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." நல்ல யோசனைதான். நானும் வண்டியை வீட்டில் போட்டுவிட்டு ரயிலில் போகிற ஆள்தான். ஆனால் விழா ஞாயிறு என்றால், அன்றைக்கு அந்த ரயில் எந்த அட்டவணைப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை. அதாவது வார நாளைவிடக் குறைவான வண்டிகள். ஊரையே கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பாதிப் பேருக்கு மட்டும் உலை வைக்கிற மாதிரி இது.

2024 அக்டோபர் 6 ஞாபகம் இருக்கிறதா? விமானப்படையின் 92ஆம் ஆண்டையொட்டி மெரினாவில் சாகசக் காட்சி. ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணிக்குத் தொடக்கம், உச்சி வெயில். லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் என்பது ஊருக்கே தெரியும். கடற்கரை நிலையத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையே மெரினா பக்கமாக ஓடும் பறக்கும் ரயில் அன்றைக்குப் பெரும்பாலும் வழக்கமான ஞாயிறு கணக்கில்தான் ஓடியது. வேளச்சேரி நடைமேடையில் கால் வைக்க இடமில்லை. வந்த வண்டியில் ஏற முடியாமல் அடுத்த வண்டிக்கு நின்றார்கள், அதிலும் ஏற முடியவில்லை. திரும்பும்போது இன்னும் மோசம். அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். வெயில், தண்ணீர் இல்லை, நெரிசல் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. போக்குவரத்து மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வெயிலில், வீட்டுக்குப் போக வழியில்லாமல் மணிக்கணக்கில் நிற்பது லேசான விஷயமா?

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த நாளில் பறக்கும் ரயில் பாதையே முழுதாக இல்லை. சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை நிலையத்துக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே சேவையை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏழு மாதம் என்று சொன்ன வேலை பதினான்கு மாதம் இழுத்து, 2024 அக்டோபர் 29 அன்றுதான் பாதை திறந்தது. சாகசக் காட்சி முடிந்து மூன்று வாரம் கழித்து! வடசென்னையிலிருந்து கடற்கரை நிலையம் வந்து, அங்கேயே மாறிச் சேப்பாக்கம் போயிருக்க வேண்டியவர்கள் எல்லாம் அன்று வேறு வழி தேடினார்கள்.

பாதை போடும் வேலை தேவைதான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒரு பாதை அறுந்து கிடக்கிற நாளில் அதே பாதையை நம்பி இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கூட்டினால், மீதி இருக்கிற வழிகளில் இரண்டு மடங்கு வண்டி விட வேண்டாமா? ரயில், மெட்ரோ, பேருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்றை 2010இல் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். இப்படிப்பட்ட நாளுக்கு இல்லாமல் வேறு எந்த நாளுக்கு அது?

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். முடியும் என்பதற்கு ஆதாரம் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. ஐபிஎல் சீசனில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் கட்டணம் இல்லாமல் போகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், வழக்கமாக இரவு 11 மணியோடு முடிகிற மெட்ரோ ஆட்ட நாளில் ஒரு மணி வரை ஓடியது. வாலாஜா சாலை முழுக்க மஞ்சள் சட்டைக்காரர்கள் அரசினர் தோட்டம் நிலையம் நோக்கி நடந்து போவதை ஒருமுறை பார்த்தால் புரியும். கத்திக்கொண்டே, ஆடிக்கொண்டே, ஆனால் யார் முகத்திலும் பதற்றம் இல்லை. ரயில் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அந்த இலவசத்தைவிட அந்தக் கடைசி ரயில்தான் முக்கியம். காசு கொடுக்க யாரும் தயங்கப் போவதில்லை. நடுராத்திரியில் ஆட்டோவுக்கு ஐந்நூறு கேட்பானோ எழுநூறு கேட்பானோ என்கிற பயம்தான் ஆளைப் பைக் எடுக்க வைக்கிறது. ஜனவரியில் மாரத்தான் ஓடுகிறவர்களுக்காக விடிகாலை மூன்று மணிக்கே மெட்ரோவைத் திறந்தும் விட்டிருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் கபாலி கோயிலின் அறுபத்து மூவர் விழாவுக்கு ஏன் இல்லை? பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் சேரும் கூட்டம் எந்த ஆட்டத்துக்கும் குறைந்ததில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற கூட்டம் அது. ஆட்டத்தின் ஏற்பாட்டாளர் மெட்ரோவோடு ஒப்பந்தம் போட்டால் ரயில் காத்திருக்கும், சாமி பார்க்க வந்தால் காத்திருக்காது என்றால் எப்படி?

ஞாயிறு அட்டவணைக்குப் பின்னால் பழைய நினைப்பு ஒன்று இருக்கிறது. ரயில் என்பது ஆபீஸ் போகிறவர்களுக்கு, ஞாயிறு அவர்கள் வீட்டில் இருப்பார்கள். ஒருகாலத்தில் சரியாக இருந்திருக்கலாம். இன்றைக்கு ஞாயிறு மாலை மாம்பலம் நிலையத்தில் இறங்கிப் பாருங்கள். ரங்கநாதன் தெருவில் துணி எடுக்க வருகிறவர்கள் மட்டுமா? அந்தக் கடைகளில் நின்று துணி எடுத்துப் போடுகிற பெண்களும் ரயிலில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு ஞாயிறுதான் வாரத்திலேயே பெரிய வேலை நாள். செவிலியர், ஓட்டல்காரர், காவலாளி என்று சொல்லிக்கொண்டே போகலாம். அதற்கும் மேலே பராமரிப்புப் பணி, லைன் பிளாக் (வேலைக்காகப் பாதையை மூடுவது) என்று ஞாயிறு பார்த்துத்தான் மின்சார ரயிலை ரத்து செய்வார்கள். அட்டவணையிலேயே குறைவு, அதிலும் கொஞ்சம் ரத்து.

ரயிலாவது பரவாயில்லை, தண்டவாளத்தைத் தெருத்தெருவாக மாற்ற முடியாது. பேருந்தின் நிலைமை வேறு. மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் மொத்தம் 118.9 கிலோமீட்டர். ஊரில் எந்தப் பெரிய சாலைக்குப் போனாலும் தகரத் தடுப்பு. லஸ் முனையைத் தோண்டி, ஆர்.கே. மடம் சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டதிலிருந்து அந்தப் பக்கம் பேருந்து எங்கே நிற்கும் என்பது தினம் ஒரு விடுகதை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் நின்ற இடத்தில் நிழற்குடை இருந்தது, பெயர்ப் பலகை இருந்தது, பேருந்துதான் இல்லை. தடுப்பில் ஒரு ஏ4 தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உள்ளே மழைத்தண்ணீர் புகுந்து எழுத்தெல்லாம் ஊதா நிறத்தில் கரைந்து வழிந்திருந்தது. 'தற்காலிகமாக' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்: "ஸ்டாப்பிங் இங்க இல்லப்பா, அந்த மருந்துக்கடை தாண்டிப் போய் நில்லு. கையக் காட்டு, இல்லன்னா நிக்க மாட்டான்."

அந்த அம்மாவுக்குத் தெரிந்தது கைபேசிச் செயலிக்குத் தெரியவில்லை. செயலியில் பேருந்து பழைய சாலையில்தான் வருவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது ஒரே க்யூஆரில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் டிக்கெட் எடுப்பதா இங்கே பிரச்சினை? எங்கே நிற்க வேண்டும் என்பதுதான். மாற்றிய நிறுத்தத்துக்கு ஒரு கம்பம், மழைக்குக் கரையாத ஒரு பலகை, அதில் வழித்தட எண்கள், பழைய இடத்தில் ஓர் அம்புக்குறி. கோடிக்கணக்கில் செலவாகும் வேலையில் இது எத்தனை காசு? விடியல் பயணத்தில் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது எத்தனையோ வீடுகளில் மாதச் செலவையே மாற்றிய திட்டம். பேருந்து எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஷேர் ஆட்டோவில் ஏறினால் அந்த இலவசத்தால் என்ன பயன்?

இதற்கு நேர் எதிரான ஓர் அனுபவமும் உண்டு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. மேலே அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பால வேலை. சனி ஞாயிறு சாயங்காலம் அந்தச் சாலையில் காரில் வந்தவர்கள் காட்சிக்குள் நுழையும் முன்பே சலித்துப்போயிருப்பார்கள். கீழே மெட்ரோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நந்தனத்தில் இறங்கி நடந்தால் மைதானம். வரும்போது சுகம். போகும்போது இரண்டு பை நிறையப் புத்தகத்தோடு, குண்டும் குழியுமான நடைபாதையில், தடுப்புக்கும் பைக்குகளுக்கும் நடுவே ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். என் முன்னே போன பெரியவர் நாலு அடிக்கு ஒருமுறை பையைக் கீழே வைத்தார். பின்னால் வந்த பைக்காரன் நடைபாதையில் ஏறி ஹாரன் அடித்தான். அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வண்டி எடுப்பவர்களை நான் திட்ட மாட்டேன். நாலு பேர் உள்ள குடும்பத்துக்குப் போக வர எட்டு மெட்ரோ டிக்கெட், இரண்டு பக்கமும் ஆட்டோ என்று கூட்டிப் பார்த்தால் கார் மலிவாகத்தான் தெரியும். வண்டி நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம் சுற்றுவதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது வேறு.

போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் இரண்டு யோசனை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே மெட்ரோவில் செல்லும் சிங்காரச் சென்னை பயண அட்டையில் பணம் போட்டு வையுங்கள். ஆட்டம் முடிந்து ஆயிரம் பேரோடு கவுன்ட்டரில் நிற்க வேண்டாம். அப்புறம், கூட்டம் இறங்குகிற நிலையத்திலேயே நீங்களும் இறங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கபாலி கோயிலுக்கு எல்லோரும் திருமயிலையில் முண்டியடிக்கும்போது மந்தைவெளியில் இறங்கி நடந்தால் கொஞ்சம் தூரம்தான் கூடும், மூச்சு முட்டாது.

இப்படியெல்லாம் பேசினால் ஒருவர் தவறாமல் வந்து கேட்பார்: "ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வண்டி விட்டால் காலியாகத்தானே ஓடும், நஷ்டத்தை யார் தாங்குவது?" காலை ஆறு மணி வண்டியைப் பற்றி என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். மாலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை மட்டுமாவது பறக்கும் ரயிலைப் பத்து நிமிடத்துக்கு ஒன்று விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. காலியாக ஓடும் என்கிறவர்கள் ஏதாவது ஒரு ஞாயிறு சாயங்காலம் திருவல்லிக்கேணி நிலையத்துக்கு வந்து, முதலில் வருகிற வண்டியிலேயே ஏறிக் காட்டட்டும்.