இறங்கிய மூட்டை திரும்ப ஏறாது

மலைக் கிராமமான வெள்ளகவிக்குப் போய்வந்த படங்களைப் போட்டு, "இந்த ஊருக்கு ரோடே வந்துவிடக் கூடாது" என்று எழுதுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து இறங்கினாலும் சரி, பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து ஏறினாலும் சரி, மணிக்கணக்கில் நடந்தால்தான் அந்த ஊரைக் கண்ணால் பார்க்க முடியும். கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் அந்த மலையைக் கீழேயிருந்து பார்த்து வளர்ந்தவன். அப்பா அடிவாரத்தில் கமிஷன் கடை வைத்திருந்தார். குதிரை இறங்கி வரும் நாட்களில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதுவது என் வேலை. அதனால் ரோடு இல்லாமல் மலைக்காரர்கள் விலையில் என்ன இழக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு ஒரு கடமை இருக்கிறது.

மலையில் இருட்டோடு பொதி கட்டுவார்கள். குதிரையின் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும்; ஒரு பக்கம் இழுத்தால் பாதி வழியில் சேணம் சரிந்து, குதிரையும் சரக்கும் பள்ளத்தில் கிடக்கும். மழை பெய்து ஓடையில் தண்ணீர் கூடினால் அன்றைக்குப் பயணம் கிடையாது. எல்லாம் சரியாக அமைந்தால் முற்பகலில் கடை வாசலில் வந்து நிற்பார்கள். காபி, மிளகு, எலுமிச்சை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட். குதிரை முதுகில் நுரை தள்ளியிருக்கும். ஓட்டி வந்தவர் முதலில் அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவார்.

அப்புறம் விலை சொல்வார்கள். சொல்வது கடைக்காரர்தான், கொண்டுவந்தவர் இல்லை. சமவெளி விவசாயிக்கு விலை கட்டுப்படியாகாவிட்டால் மூட்டையை மறுபடி வண்டியில் ஏற்றி அடுத்த கடைக்கோ அடுத்த ஊருக்கோ போகலாம். மலைக்காரர் என்ன செய்வார்? நாலு மணி நேரம் இறங்கி வந்த எலுமிச்சையை மறுபடி மேலே ஏற்றுவாரா? ஏற்ற மாட்டார் என்று கடைக்காரருக்குத் தெரியும். மலைக்காரருக்கும் தெரியும். அந்தத் தெரிதலில்தான் பேரம் முடிந்துவிடுகிறது. "என்ன அண்ணே, போன வாரத்தைவிடக் குறைச்சுட்டீங்க" என்று மெதுவாக ஒரு வார்த்தை கேட்பார்கள், அவ்வளவுதான். அப்பா மோசமானவர் இல்லை. பண்டிகைக்கு முன்பணம் கொடுப்பார், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கொடுப்பார். அந்த முன்பணம்தான் அடுத்த வருடச் சரக்கும் எங்கள் கடைக்கே வரும்படி செய்தது. எங்கள் வீட்டில் மூன்று வேளை சோறு பொங்கியதில் அந்தக் குறைத்த விலைக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மலையில் ஏன் இந்தப் பயிர்களை மட்டும் வைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். எண்களை வசதிக்காக வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக் கூலி கிலோவுக்கு 5 ரூபாய் என்றால், கிலோ 500 ரூபாய் விற்கும் மிளகில் அது நூற்றில் ஒரு பங்கு. கிலோ 20 ரூபாய் எலுமிச்சையில் அது கால் பங்கு. எலுமிச்சைக்காரர் கால் பங்கைப் பாதையிலேயே கொடுத்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார். மிளகும் காபியும் காய்ந்த சரக்கு, மூட்டை கட்டி வீட்டில் வைத்தால் மழை விடும்வரை காத்திருக்கும். பட்டர் ஃப்ரூட் காத்திருக்காது. அதற்குள் பழுத்தால் மரத்தடியிலேயே கொட்ட வேண்டியதுதான். எந்தப் பயிர் வைப்பது என்பதை அங்கே மண்ணும் மழையும் பாதி முடிவு செய்கின்றன, மீதியை ஒற்றையடிப் பாதை முடிவு செய்கிறது.

ஏறும் சரக்குக்கும் இதே கதைதான். உப்பு, எண்ணெய், சோப்பு, தகரம், சிமெண்ட் எல்லாவற்றுக்கும் கூலி மேலே ஏறும். 50 கிலோ சிமெண்ட் மூட்டை வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும்போது அதன் விலையை யாரும் கீழ்விலையோடு ஒப்பிட முடியாது. உப்பு மாதிரி மலிவான பொருளில் கூலியின் பங்கு இன்னும் பெரிதாகிவிடும். தமிழ்நாட்டில் 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். ஆனால் கடை அடிவாரத்தில் இருந்தால், அந்த அரிசியை மேலே கொண்டுபோகக் குதிரைக்குக் கொடுக்கும் பணம்தான் அரிசியின் விலை. விற்கும்போது கூலியைக் கழிக்கிறார்கள், வாங்கும்போது கூலியைக் கூட்டுகிறார்கள். இரண்டு தடவையும் கொடுப்பது ஒரே ஆள்.

டோலி கட்டி நோயாளியைத் தூக்கிவரும் படங்கள் வரும்போது நாடே பேசுகிறது, பேச வேண்டியதுதான். 2023-ல் வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் தூக்கி நடந்ததைப் பார்த்து அன்று இரவு நான் சாப்பிடவில்லை. நாமக்கல் போதமலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் படம் ஒவ்வொரு தேர்தலிலும் வந்தது. கடைசியில் சுமார் 140 கோடி ரூபாயில் 31 கிலோமீட்டர் சாலைக்கு வழி பிறந்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் வாரா வாரம் தராசில் போகும் இழப்புக்குப் படம் கிடையாது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

"மலையில் இதெல்லாம் முடியாது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய விஷயம். போடிக்குப் பக்கத்தில் குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யோசிப்பதில்லை. மூணாறு தேயிலையை இறக்குவதற்காகப் போட்ட கம்பிவடத்தின் (ரோப்வே) மேல் நிலையம் அது. கீழ் நிலையம் கொட்டகுடி, நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சரக்குக் கொண்டுவர 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், 1908-ல் அதைக் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அழிந்துபோனது. யோசித்துப் பாருங்கள், நூறு வருடத்துக்கு முன்பே தேயிலைப் பெட்டி அந்தரத்தில் தொங்கிக்கொண்டு சுகமாக இறங்கியது. கொடைக்கானலுக்குக் காட் ரோடு வருவதற்கு முன் துரைமார்களையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துப் பெரியகுளம் பக்கத்திலிருந்து மனிதர்களே தூக்கிப் போனார்கள். துரைகளுக்கு ரோடு வந்தது, தேயிலைக்குக் கம்பி வந்தது. அதே மலைத்தொடரில் மிளகு மூட்டைக்கு மட்டும் இன்னும் குதிரை முதுகுதான்.

சாலைக்கு வனச் சட்டம் குறுக்கே நிற்கிறது என்பார்கள். பாதி உண்மை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம், ரேஷன் கடை, சாலை உட்பட 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலம் தரலாம் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் ஒரு ஹெக்டேர் 3.3 கிலோமீட்டருக்குத்தான் வரும். நீளமான மலைப் பாதைக்கு அது போதாது, பெரிய அனுமதிக்குப் போக வேண்டும், வருடங்கள் ஓடும். மலையைக் கண்டபடி கீறினால் சரிந்து விழும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் ரேஷன் கடைக்கு எத்தனை ஏக்கர் வேண்டும்? சரக்கு உலர்த்த ஒரு களமும் ஒரு தராசும் ஒரு கிட்டங்கியும் மேலேயே வைக்க எத்தனை மரம் வெட்ட வேண்டும்?

இன்னொன்றும் கேட்கிறேன். நேபாளத்தில் முஸ்டாங் போன்ற மலைகளில் ஆப்பிள், காய்கறி இறக்கக் கம்பிவடம் போட்டிருக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம். இறங்கும் பெட்டியின் பாரமே, கீழே இருக்கும் இலேசான பெட்டியை மேலே இழுத்துவிடும். மூன்று பங்கு சரக்கு இறங்கினால் ஒரு பங்கு சரக்கு ஏறும். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் கடைதான் நினைவுக்கு வந்தது. பாரம் இறங்குவதால்தான் மலைக்காரர் எங்களிடம் தோற்றார். அந்தக் கம்பிவடத்தில் அதே பாரம் மலைக்காரருக்கு அரிசி ஏற்றிக்கொடுக்கிறது. நம் மலைகளில் ஒரே ஓர் இடத்திலாவது இதைச் செய்து பாருங்கள் என்று அதிகாரிகளையும் பொறியியல் கல்லூரிகளையும் கெஞ்சிக் கேட்கிறேன்.

போன மாதம் பழைய குதிரைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கம்பி வந்தால் உங்கள் பிழைப்புப் போகுமே என்று தயங்கித்தான் கேட்டேன். "போகட்டும் தம்பி. என் மகன் எப்பவோ திருப்பூர் போயிட்டான். நான் மட்டும் எத்தனை நாளைக்கு இந்தக் குதிரை பின்னாடி ஓடுறது?" என்றார். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

மலையேறப் போகும் நண்பர்களே, பாதையில் பொதிக் குதிரை வந்தால் பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள், மலைப் பக்கமாக ஒதுங்கி வழி விடுங்கள். ஊரில் மிளகோ காபியோ விற்றால் அங்கேயே வாங்குங்கள். விலையை அவர்கள் சொல்லட்டும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, நீங்களே சுமந்து இறங்குங்கள்.