‘ஹஷ்’ வசனமே இல்லாத எபிசோடா?

‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ‘ஹஷ்’ எபிசோடில் ஒரு வசனம்கூடக் கிடையாது, அதற்குத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் கிடைத்தது என்ற செய்தி பரவி வருகிறது. இரண்டுமே தவறு.

1999 டிசம்பர் 14 அன்று ஒளிபரப்பான அந்த எபிசோடு பேச்சோடுதான் தொடங்குகிறது. வகுப்பறைக் கனவு, சிறுமி பாடும் அச்சமூட்டும் பாட்டு, நண்பர்களின் அரட்டை எல்லாம் உண்டு. இரவில் ‘ஜென்டில்மென்’ என்னும் பேய்கள் ஊராரின் குரல்களைத் திருடிப் பெட்டியில் அடைத்த பிறகே அமைதி சூழ்கிறது. அப்போதும் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கிறது! இறுதியில் பெட்டி உடைகிறது, நாயகி பஃபி அலறுகிறாள், அந்த அலறலே பேய்களைக் கொல்கிறது. தொடக்கத்தில் ஓயாமல் பேசியவர்கள் வாயடைத்துப் போவதால்தான் அந்த அமைதி நம்மை உலுக்குகிறது. முழுவதும் ஊமைப்படமாக இருந்திருந்தால் இந்த அதிர்ச்சிக்கே இடமில்லை.

பஃபியும் அவள் விரும்பும் ரைலியும் ‘பேச வேண்டும்’ என்று எதிரெதிரே அமர்ந்து, வாயே திறக்காமல் இருப்பதோடு எபிசோடு முடிகிறது. குரல் திரும்பியும் பேச்சு வராத இந்தக் காட்சிதான் என்னைப் பொறுத்தவரை எழுத்தின் உச்சம்.

விருது விஷயம்: தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் எழுதிய இந்தத் திரைக்கதை 2000-இல் எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்டது, வெல்லவில்லை.