விலையில் பெரும்பங்கு வரிதான்

வெளிநாட்டுக் காருக்கு நம்மூர்க் காரைவிட 'மூன்று மடங்கு விலை, மூன்று மடங்கு தரம்' என்கிறது உங்கள் கட்டுரை. கணக்கு இடிக்கிறதே. முழுதாக இறக்குமதியாகும் காருக்குப் பொதுவாகச் சுங்க வரியே 70 சதவீதத்துக்குக் குறையாது; அதற்கு மேல் ஜிஎஸ்டி. இருபது லட்சத்தைத் தாண்டினால் தமிழகச் சாலை வரி 20 சதவீதம். பிஎம்டபிள்யூ 2007 முதல் சென்னைக்கு அருகே இறக்குமதிப் பாகங்களைக் கோத்துக் கார் செய்வதே இந்த வரியைக் குறைக்கத்தான். தரத்துக்கு வந்தால், மோதல் சோதனையில் 2018லேயே நம்மூர் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது.

சத்தமில்லாத கேபின், நெடுஞ்சாலைப் பிடிமானம் இவற்றில் வெளிநாட்டுக் கார் உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் நம்மூர்ப் பள்ளத்தில் அதன் உயரம் குறைந்த பக்கச்சுவர் டயர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, உள்ளே நூல் அறுந்து புடைத்துக்கொள்ளும். பஞ்சர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பல மாடல்களில் ஸ்டெப்னியும் கிடையாது. புக் செய்யும் முன் ஹெட்லைட், முன் கண்ணாடி, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க் கை) மூன்றுக்கும் விலையும், வந்துசேர எத்தனை நாள் என்பதும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.