முதல் முழுநீள அனிமேஷன் படம் ஸ்நோ ஒயிட்டா?

1937-இல் டிஸ்னி எடுத்த ஸ்நோ ஒயிட்தான் உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம், அதற்கு முன் வந்ததெல்லாம் குறும்படங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிதான் சரி. ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாள்களில் வரைந்து எடுத்த முதல் முழுநீளப் படம் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

1917-லேயே அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி ஒரு அரசியல் நையாண்டிப் படம் எடுத்துவிட்டார். அதன் பிரதி எதுவும் மிஞ்சவில்லை என்பதால் பலருக்குத் தெரிவதில்லை. சரி, கண்ணால் பார்க்கக்கூடியதாகச் சொல்லுங்கள் என்றால், 1926-இல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் எடுத்த 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆயிரத்தொரு இரவுகள் கதைதான்.

கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் கோத்து, கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசையில் கிடத்தி, துளித்துளியாக நகர்த்தி ஒவ்வொரு சட்டகமாகப் படம்பிடித்திருக்கிறார். மூன்று வருட வேலை! முகங்கள் வெறும் நிழல்கள்தான். ஆனாலும் விரல் மடங்குவதிலும் கழுத்து சாய்வதிலும் வெட்கமும் பயமும் அப்படியே தெரியும். எனக்கு இன்றைய பளபளப்பான கம்ப்யூட்டர் முகங்களைவிட அதுதான் பிடிக்கும்.

ஸ்நோ ஒயிட்டும் அருமையான படம்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் 'உலகின் முதல்' என்ற பட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.